ஒரு பிடிக்குள் மூன்று செடிகள்

தள்ளுவண்டியில் காய் வாங்கிக் கணக்கு முடித்தபின், வண்டிக்காரர் ஈரச்சாக்கை விலக்கி ஒரு பிடி அள்ளிப் பைக்குள் திணிப்பார். நாலைந்து கொத்தமல்லித் தண்டு, இரண்டு ஈர்க்குக் கறிவேப்பிலை, அன்றைக்கு வியாபாரம் நன்றாக இருந்தால் கொஞ்சம் புதினாவும். கொசுறுக்குக் காசு கிடையாது. மழைக்காலத்தில் கொத்தமல்லிக் கட்டு விலை ஏறும்போது மட்டும் அந்தப் பிடி கறிவேப்பிலையோடு நின்றுவிடும். அப்போதும் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, அவர் முகத்தைத்தான் பார்ப்போம்.

இந்த மூன்றையும் ஒரே பிடியாகப் பார்த்துப் பழகிவிட்டதால், வீட்டில் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் முதல் நாளே மூன்றையும் வாங்கிவந்து, ஒரே அளவுத் தொட்டியில், ஒரே மண்ணில், ஒரே வரிசையில் வைத்து, ஒரே குவளையால் தண்ணீர் ஊற்றுகிறார்கள். சில மாதங்களில் ஒன்று செத்துப்போகும். ஒன்று தொட்டி முழுக்க வேரை அடைத்துக்கொண்டு வதங்கும். மற்றொன்று வைத்தது வைத்தபடி நிற்கும். 'எனக்குக் கைராசி இல்லை' என்று சொல்லிவிட்டுத் தொட்டிகளைக் கவிழ்த்து அடுக்கிவிடுவார்கள்.

கைராசிக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. கொத்தமல்லி பனிக்காலத்துப் பயிர், இரண்டு மூன்று மாதத்தில் விதை போட்டுவிட்டுப் போய்விடும். புதினா தரையோடு ஓடிக்கொண்டே இருக்கிற செடி, இடம் கொடுத்தால் அதற்கு முடிவே கிடையாது. கறிவேப்பிலை மரம். சந்தை அவற்றை ஒரே பிடியில் சேர்த்தது நம் ரசத்துக்காக. செடிகளுக்கு அந்த உறவு தெரியாது.

எனக்குப் பூர்விகம் தூத்துக்குடி மாவட்டத்து விளாத்திகுளம் பக்கம். அங்கே கொத்தமல்லி என்றால் காட்டுப் பயிர். கரிசல் மண்ணில், கிணற்றுப் பாசனம் எதுவும் இல்லாமல், மானாவாரியாக விளைவது. ஐப்பசி மழைக்கு விதைப்பார்கள். மழை நின்றபிறகு கரிசல் பிடித்துவைத்த ஈரத்திலும் மார்கழிப் பனியிலுமே அது வளர்ந்து பூத்துவிடும். தை, மாசியில் அறுப்பு. சித்திரையில் யாராவது மல்லி விதைத்தால் ஊரே சிரிக்கும். அந்த ஊரிலிருந்து வந்த என்னிடம், சென்னை நங்கநல்லூரில், ஏப்ரல் மாதம் 'கொத்தமல்லி முளைத்தும் வரமாட்டேன் என்கிறதே, உரம் என்ன போடலாம்?' என்று கேட்கிறார்கள். உரத்தை விடுங்கள், நாள்காட்டியைப் பாருங்கள் என்பதுதான் என் பதில். பலருக்கு அது பிடிப்பதில்லை. உரத்தைக் கடையில் வாங்கிவிடலாம், மார்கழியை வாங்க முடியாது.

வெயில் ஏறினால் கொத்தமல்லி இலை விடுவதை நிறுத்திவிட்டு, உயிர் போவதற்குள் விதை வைத்துவிடப் பார்க்கும். அந்த மாற்றம் இலையிலேயே தெரியும். முளைவிடும்போது முதலில் வருவது ஒடுங்கி நீண்ட இரண்டு விதையிலைகள். பிறகு வருபவைதான் நாம் கொத்தமல்லி என்று அறிந்த, விசிறி விரித்தாற்போன்ற அகன்ற இலைகள். அவற்றுக்கு மேலே, நடுத்தண்டு நீண்டு, இலை நூல் நூலாகப் பிரிந்து சோம்புச்செடி இலையைப் போல ஆகத் தொடங்கினால் கதை முடிந்தது. இனி அந்தச் செடியில் தழை எதிர்பார்க்கக் கூடாது. பிடுங்க வேண்டும் என்று சொல்லவில்லை. வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூக்கும், தேனீக்கள் வரும். பச்சையாக இருக்கும்போதே நான்கு காயைப் பறித்து ரசத்தில் நசுக்கிப் போட்டுப் பாருங்கள். காய்ந்த மல்லியிலும் இல்லாத, தழையிலும் இல்லாத ஒரு மணம் அதில் உண்டு. எந்தக் கடையிலும் அது கிடைக்காது.

சென்னையில் ஐப்பசி மழை கொட்டுகிற கொட்டுக்குத் தொட்டி விதைகள் மிதந்துவிடும். அதனால் இங்கே கார்த்திகை பிற்பாதியில் தொடங்கித் தை முடியும்வரை விதைக்கலாம் என்பது என் கணக்கு. அஞ்சறைப்பெட்டி மல்லியே போதும், ஆனால் புதியதாக இருக்க வேண்டும், பொடித்தால் மணம் தூக்க வேண்டும். ஒரு முழு மல்லி என்பது உண்மையில் இரண்டு விதைகள் முகத்தோடு முகம் ஒட்டிக்கொண்டிருப்பது. ஊரில் மல்லியைத் தரையில் பரப்பிச் செருப்புக் காலால் லேசாகத் தேய்த்து உடைப்பார்கள். வீட்டில் துணிமேல் பரப்பிச் சப்பாத்திக் கட்டையை மெதுவாக உருட்டினால் போதும். அழுத்தினால் பருப்பே நசுங்கிவிடும். பிளந்த விதையை இரவு ஊறவைத்து, காலையில் அரை அங்குல ஆழத்தில் தூவி மூடுங்கள். பொறுமை வேண்டியது இங்கேதான். வெந்தயம் மூன்றாம் நாளே தலைகாட்டிவிடும். மல்லி ஒரு வாரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும், சில சமயம் இரண்டு வாரம்கூட. அதற்குள் பலர் மண்ணைக் கிளறிப் பார்த்துவிடுகிறார்கள்.

நாற்று விட்டு இடம் மாற்றுவதெல்லாம் மல்லிக்கு ஆகாது. அதற்கு ஆணிவேர், பிடுங்கி நட்டால் முறைத்துக்கொண்டு பூத்துவிடும். எங்கே வளர வேண்டுமோ அங்கேயே விதைக்க வேண்டும். ஆழத்தைவிட அகலம் முக்கியம். திராட்சைக் கடைக்காரர்கள் தூக்கிப்போடும் தெர்மாகோல் பெட்டி, அடியில் துளை போட்டால், இதற்கு நல்ல பாத்தி. எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைக்காமல், பெட்டிக்குப் பெட்டி பத்துப் பதினைந்து நாள் இடைவெளி விட்டு விதைத்தால் பொங்கல் முடிந்தும் தழை கிடைக்கும். நான் கிள்ளுவதில்லை, ஒரு சாண் உயரம் வந்ததும் வேரோடு பிடுங்குகிறேன். வேரை மண்போகக் கழுவி, நறுக்கி ரசத்தில் போட வேண்டியதுதான்.

பங்குனி பிறந்தால் மல்லிப் பெட்டிகளை மூட்டை கட்டிவிடுவேன். வண்டிக்காரரிடம் வாங்குவதில் எந்த வெட்கமும் இல்லை. ஓசூர்ப் பக்கத்துக் குளிர்ச்சியில் விளைந்து வருவதை நங்கநல்லூர் மொட்டைமாடிக் கான்கிரீட்டில் ஏன் விளைவிக்க வேண்டும்?

புதினாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது செடி வளர்க்கத் தெரியாதவர்களுக்காகவே படைக்கப்பட்டது. கட்டு வாங்கி இலையை ஆய்ந்தபின் மிஞ்சும் தண்டுகளில் முற்றியவையாகப் பார்த்து, கணுவுக்குக் கீழே வெட்டித் தண்ணீர் டம்ளரில் நிறுத்தினால் ஒரு வாரத்தில் கணுவில் வெள்ளை வேர் நூல் நூலாக இறங்கும். அதை எடுத்து நடலாம், அல்லது நேரடியாக ஈர மண்ணில் படுக்கவைத்து மூடினாலும் வரும். ஆழத் தொட்டி வேண்டாம். பழைய துணி ஊறவைக்கும் டப், உடைந்த அன்னக்கூடை என்று அகலமாக எது கிடைத்தாலும் சரி. காலை வெயில் போதும், உச்சி வெயில் வேண்டாம், மண் காயக் கூடாது. இரண்டு விரல் உயரம் விட்டு ஒட்ட அறுத்துவிட வேண்டும். பாவம் பார்த்து நுனியை மட்டும் கிள்ளினால் தண்டு நீண்டு, இலை சிறுத்து, கீழ்ப்பகுதி மொட்டையாகிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை டப்பையே கவிழ்த்து, பின்னிக்கிடக்கும் ஓடுதண்டுகளை நாலாகப் பிய்த்து ஒரு பங்கை மட்டும் புது மண்ணில் வைத்துவிட்டு மற்றவற்றைக் கேட்பவர்களுக்கெல்லாம் கொடுத்துவிடலாம். மற்றச் செடியோடு ஒரே தொட்டியில் புதினாவை வைத்தால் மற்றச் செடிக்குத்தான் ஆபத்து.

கறிவேப்பிலை வேறு கதை. கடையில் ஒரு சாண் கன்றாக வாங்கியதைச் சின்னத் தொட்டியிலேயே வைத்துக்கொண்டு, சாம்பார் கொதிக்கும்போதெல்லாம் ஓடிப்போய் நாலு இலை உருவினால், அந்தக் கன்று எப்படி மரமாகும்? முதல் ஆண்டு முழுக்க அதை மறந்துவிட வேண்டும். 20 லிட்டர் பெயின்ட் வாளி, நாள் முழுக்க வெயில், அவ்வளவுதான். இடுப்புயரம் வந்தபின் நுனியை வெட்டிவிட்டால் பக்கக்கிளைகள் கிளம்பும். அதற்குப் பிறகும் இலையை உருவக் கூடாது, ஈர்க்கோடு ஒடிக்க வேண்டும், சில சமயம் கிளை நுனியோடு ஒடிக்க வேண்டும். ஒடித்த இடத்துக்குக் கீழே இரண்டு துளிர் வரும். பூத்துக் காய்த்தால் கொத்தைக் கிள்ளிவிடுகிறேன், நமக்கு வேண்டியது இலைதானே. விதையிலிருந்து வளர்க்க விரும்புகிறவர்கள் கறுத்துப் பழுத்த பழத்தின் சதையை நீக்கி அன்றைக்கே ஊன்றிவிட வேண்டும். காயவைத்து டப்பாவில் போட்டுவைத்தால் சீக்கிரமே முளைப்புத்திறன் போய்விடும்.

புளித்த மோரைக் கறிவேப்பிலைக்கு ஊற்றும் வழக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. நானும் நன்றாக நீர்க்கக் கலந்து ஊற்றுகிறேன். ஆனால் நிழல் பால்கனியில் நிற்கிற கன்றுக்கு மோரை ஊற்றிவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை. இடத்தை மாற்றாமல் மோரை மாற்றி மாற்றி ஊற்றுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். மார்கழியில் கறிவேப்பிலை துளிர்ப்பதைக் குறைத்துக்கொள்வதும் இயல்பு. கொத்தமல்லி குதூகலிக்கிற மாதத்தில் இது தூங்கும். ஒரே வரிசையில் வைத்து ஒரே குவளையால் ஊற்றக் கூடாது என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒருநாள் பார்த்தால் துளிர் இலைமேல் பறவை எச்சம் கிடக்கும். தட்டிவிடலாம் என்று குச்சியால் தொட்டால் அது நகரும். பழுப்பும் வெள்ளையுமாக இருக்கும் அந்தப் புழு, தன்னை எச்சம் என்று நம்பவைத்துப் பறவைகளிடமிருந்து தப்பிக்கிறது. சில நாளில் தோலுரித்துப் பச்சையாகிவிடும், தலைப்பக்கம் கண்கள்போல இரண்டு பொட்டுகள் தோன்றும். அப்போது சீண்டினால், தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை வடிவில் ஒரு நாக்கு சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ வெளியே நீளும், அறை முழுக்க ஒரு நெடி அடிக்கும். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் குடும்பம் இது. கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே தாவரக் குடும்பம் என்பதை நாம் புத்தகத்தில்தான் படிக்க வேண்டும். அந்தப் பூச்சி காலால் இலையைத் தொட்டுப் பார்த்தே தெரிந்துகொண்டு முட்டை இடுகிறது. ஒரு இலைக்கு ஒரு முட்டைதான், மஞ்சள் முத்தாக.

இரண்டு புழுக்கள் போதும், இளங்கன்றை ஒரு வாரத்தில் ஈர்க்கு மட்டும் மிஞ்சும்படி மொட்டையடித்துவிடும். என்ன செய்வது? கன்றாக இருந்தால் புழுவைக் குச்சியால் எடுத்து அப்புறப்படுத்துவேன், மரமாகிவிட்டால் விட்டுவிடுவேன். வளர்ந்த கறிவேப்பிலைக்கு அது கிளையை வெட்டிவிடும் கவாத்து மாதிரிதான், மறுபடி துளிர்த்துக்கொள்ளும். மேல்மாடியில் இருக்கும் பள்ளிக்கூடப் பையன் ஒருவன் புழு இருக்கும் கிளையை மட்டும் பார்த்துவிட்டுப் போக நாள்தோறும் வருகிறான். 'ஆன்ட்டி, இன்னைக்கு அது என்ன சாப்பிட்டுச்சு?' என்று விசாரணை வேறு. புழு கூட்டுப்புழுவாகிக் காணாமல்போனபோது அவன் என்னைத்தான் சந்தேகப்பட்டான்.

இனி மண்ணும் வாளியும். செம்மண் ஒரு பங்கு, தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு, மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு, வாளிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. பெரும்பாலானவற்றுக்கு இதுவே போதும். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து 5 கிலோ கட்டியாக வருகிற தென்னைநார்க் கழிவைத் தண்ணீரில் உதிர்த்து, இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்த பிறகே சேர்க்க வேண்டும். அதில் உப்பு இருக்கும். வெறும் தென்னைநார்க் கழிவில் வளர்ப்பது தூக்கிச் செல்ல எளிது, ஆனால் அது ஏமாற்றும். மேலே காய்ந்து வெளிறித் தெரியும், அடியில் சொதசொதவென்று இருக்கும். பார்த்து ஊற்றாதீர்கள். விரலை இரண்டாம் கணு வரை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

துளை அடியில் மட்டும் போட்டால் வாளி தரையோடு ஒட்டி உட்காரும்போது அடைத்துக்கொள்ளும். பக்கவாட்டில், அடியிலிருந்து ஒரு அங்குல உயரத்தில், நாலு துளை கூடுதலாகப் போடுவது நல்லது. கம்பியைச் சுடவைத்துக் குத்தினால் பிளாஸ்டிக் விரியாது. கீழே தட்டு வைப்பவர்கள் அதில் மணலைக் கொட்டி நிரப்பிவிட வேண்டும். தேங்கிய தெளிந்த நீரில்தான் டெங்கு கொசு முட்டையிடும். மாநகராட்சியின் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் குனிந்து பார்ப்பதும் தொட்டித் தட்டைத்தான்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இன்னொரு பிரச்சினை உண்டு, அதற்குப் பெயர் குடியிருப்போர் சங்கம். எங்கள் சங்கத்தின் செயலாளர் அறிவிப்புப் பலகையில் 'மாடித்தோட்டத்தால் தளம் ஒழுகுகிறது' என்று ஒட்டினார். தளம் நான் குடிவருவதற்கு முன்பிருந்தே ஒழுகுகிறது. ஆனாலும் அவர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஈரமண் நிறைந்த 20 லிட்டர் வாளி 20 கிலோவுக்குக் குறையாது. பத்து வாளியை மாடி நடுவில் கூட்டமாக வைப்பதும், சுவரோரமாக உத்தரம் ஓடுகிற வரிசையில் பரப்பி வைப்பதும் ஒன்றல்ல. வாளிக்கடியில் செங்கலோ இரும்பு நாற்காலியோ வைத்துத் தரையை உலரவிட வேண்டும். உதிர்ந்த இலை மழைநீர்க் குழாய் வாயை அடைக்காமல் பெருக்க வேண்டும். இவற்றையெல்லாம் செய்தபிறகு அவர் வாயடைத்துப்போனார் என்று எழுத ஆசைதான். அறிவிப்பு இன்னும் பலகையில் இருக்கிறது.

பால்கனி மட்டும் உள்ளவர்கள் அது எந்தத் திசை பார்க்கிறது என்று தெரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்தது. தெற்குப் பால்கனியைப் பற்றிப் பலருக்கு ஒரு தவறான எண்ணம் இருக்கிறது, அங்கே எப்போதும் வெயில் கொளுத்தும் என்று. சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதி வரை நண்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கும். அந்த நாட்களில் தெற்குப் பால்கனி நிழலாகவே இருக்கும். மார்கழி, தையில் சூரியன் தெற்கே சாய்ந்து உள்ளே வரை வெயில் விழும். அதாவது கொத்தமல்லிக்கு வெயில் வேண்டிய மாதத்தில் வெயில், புதினாவுக்கு நிழல் வேண்டிய மாதத்தில் நிழல். வாஸ்து பார்த்து வீடு வாங்குகிறவர்கள் இதையும் கொஞ்சம் பார்க்கலாம். கிழக்குப் பால்கனி காலை வெயிலோடு நின்றுவிடும், வெற்றிலைக்கும் வல்லாரைக்கும் அது சொர்க்கம். மேற்குப் பால்கனிதான் சித்திரையில் கொல்லும். அங்கே கறிவேப்பிலையும் எலுமிச்சைப்புல்லும் தாக்குப்பிடிக்கும், மற்றவற்றுக்குப் பச்சை நிழல்வலை கட்ட வேண்டியிருக்கும்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் சென்னையில் செடியைப் பற்றிப் பேசிப் பயனில்லை. ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றி ஊற்றித் தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது உப்பு. தோட்ட மண்ணில் ஊற்றினால் மழை வந்து உப்பைக் கீழே இறக்கிவிடும். தொட்டியில் அது சேர்ந்துகொண்டே போகும். கொத்தமல்லி இலையின் விளிம்பு பழுப்பாகக் கருகினால் பலர் வெயில் என்றோ பூச்சி என்றோ நினைத்து ஏதோ தெளிக்கிறார்கள். கோடையில் கிணறு வற்ற வற்ற உப்பு கூடும், அப்போது கருகலும் கூடும். குடிநீர் சுத்திகரிப்புக் கருவி வெளியே தள்ளுகிற நீரை 'வீணாகிறதே' என்று தொட்டிக்கு ஊற்றுவது நல்ல எண்ணம்தான், ஆனால் உள்ளே போன நீரில் இருந்த உப்பெல்லாம் சேர்ந்து செறிந்து வருவது அதில்தான். தரை துடைக்கலாம், கழிப்பறைக்கு ஊற்றலாம், தொட்டிக்கு வேண்டாம்.

இதற்கு நேரெதிர், ஏசியிலிருந்து சொட்டுகிற நீர். காற்றின் ஈரம் குளிர்ந்து வடிவதால் அதில் உப்பே கிடையாது. கத்திரி வெயிலில் இரவெல்லாம் ஓடினால் காலையில் வாளியில் கணிசமாகச் சேர்ந்திருக்கும். குடிக்க உகந்ததல்ல, இலைமேல் படாமல் மண்ணில் ஊற்றினால் போதும். அரிசி களைந்த நீர், பருப்புக் கழுவிய நீர் எல்லாம் வழக்கம்போல. மழை பெய்யும்போது தொட்டிகளை உள்ளே இழுக்கிற வழக்கம் சிலருக்கு உண்டு. புயல் காற்று தவிர மற்ற மழைக்கு அவை வெளியிலேயே நனையட்டும், ஆண்டு முழுக்கச் சேர்ந்த உப்பு அப்போதுதான் கழுவிப் போகும். மழைக்குப் பிறகு ஒரு பிடி மண்புழு உரம் வைத்துவிட்டால் சரி, உப்போடு சத்தும் போயிருக்கும்.

கொசுறாகக் கிடைப்பதை வளர்க்க இவ்வளவு பாடா என்று கேட்டால், எனக்கும் அந்தக் கேள்வி உண்டு. என் வரையில் தொட்டியில் கட்டாயம் இருக்க வேண்டியவை வண்டியில் வராதவைதான். இரவு பத்து மணிக்குப் பிள்ளை இருமத் தொடங்கினால் எந்தக் கடையில் கற்பூரவல்லி கிடைக்கும்? கீழ்வீட்டு மாமி கதவைத் தட்டி, 'ரெண்டு ஓமவல்லி கிள்ளிக்கட்டுமா?' என்று கேட்பது எப்போதும் அந்த நேரத்தில்தான்.

கற்பூரவல்லிக்கு வேண்டியது உங்கள் அலட்சியம். தடித்த, மயிர் படர்ந்த இலைக்குள் அது நீரைச் சேமித்துவைத்திருக்கிறது. ஒரு கிளையை ஒடித்து மண்ணில் செருகினால் வேர்விடும், தினமும் தண்ணீர் ஊற்றினால் தண்டு அழுகும். இதற்கான மண் கலவையில் மட்டும் மணலைக் கூட்டிக்கொள்ளுங்கள். இலையை வாட்டிச் சாறு பிழிந்து தேன் சேர்த்துக் கொடுப்பது நம் வீடுகளின் வழக்கம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் மட்டும் கூடவே கூடாது. மூச்சிரைப்பு இருந்தால் இலையைத் தேடாமல் மருத்துவரைத் தேடுங்கள். இருமல் இல்லாத நாட்களில் கடலைமாவில் தோய்த்துப் பஜ்ஜி போடலாம். எண்ணெயில் விழுந்ததும் ஓம வாசனை படிக்கட்டு வரை போகும், அப்புறம் பஜ்ஜி வீட்டாருக்கு மட்டும் என்று கணக்குப் போட முடியாது.

துளசியில் பூங்கதிர் வந்ததும் கிள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் தண்டு மரத்து இலை சிறுத்துவிடும். பூஜைத் துளசியைக் கிள்ளத் தயங்குகிறவர்கள் கதிரையே பூஜைக்கு எடுத்துக்கொள்ளலாம். திருநீற்றுப் பச்சிலையும் அப்படித்தான். அதன் கதிரை மட்டும் முற்றவிட்டால் சப்ஜா விதை கிடைக்கும். கோடையில் ஊறவைத்து எலுமிச்சைச் சாற்றில் போட்டுக்கொள்ள அது போதும். பீட்சா கடைக்காரர்கள் பேசில் என்று சொல்வதும் அந்த இனத்தைச் சேர்ந்ததுதான். ஆகவே விலை உயர்ந்த விதைப் பொட்டலத்தை இணையத்தில் தேடுமுன் பூக்காரரிடம் ஒரு கொத்துப் பச்சிலை கேட்டுப் பாருங்கள். அதேபோல் ரோஸ்மேரி, தைம் போன்ற மேனாட்டு மூலிகைகள். நீலகிரியில் அவை பயிராகின்றன, அந்தக் குளிருக்கு அவை ஒத்துப்போகின்றன. சென்னையின் ஜூலைப் புழுக்கத்தில் ரோஸ்மேரி வேரழுகிச் சாவதைப் பணம் கொடுத்து வேடிக்கை பார்க்க எனக்கு மனமில்லை.

மாவுப்பூச்சி வெள்ளைப் பஞ்சாக ஒட்டினால் முதலில் தண்ணீரைப் பீய்ச்சியடித்து உதிர்த்துவிடுங்கள், மிஞ்சியதற்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது தண்ணீரில் கலக்கச் சில சொட்டுச் சோப்புக் கரைசல், மாலையில் மட்டும். எறும்பு ஏறுகிறதா என்றும் பாருங்கள், மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்புக்காக எறும்புகளே அதைச் சுமந்து செடிவிட்டுச் செடி குடியேற்றும். புதினாவுக்கு வேப்பெண்ணெய் அடித்தால் சட்னி கசக்கும், அதை ஒட்ட அறுத்துவிடுவதே வைத்தியம்.

தூதுவளையைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், அதைப் பறிப்பது ஒரு வேலை. தண்டில் முள், காம்பில் முள், இலையின் நரம்பில்கூட முள். பந்தல்போல நாலு குச்சி நட்டுப் படரவிட்டால் ஊதாப் பூ பூத்துப் பார்வைக்கு அழகாகத்தான் இருக்கும். இலையைப் பறித்து முள்ளை ஆய்ந்து நெய்யில் வதக்கினால் முள் சுருங்கி மெத்தென்று ஆகிவிடும். மிளகு, சின்ன வெங்காயம், கொஞ்சம் புளி வைத்து அரைத்தால் துவையல், மீந்த விழுதைப் புளித்தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவிட்டால் ரசம். ஒரு தொட்டிக் கொடியில் ஒரு வேளைத் துவையலுக்குத்தான் இலை கிடைக்கும், அதனால் இரண்டு தொட்டி வைப்பது நல்லது.

கவாத்து செய்த தூதுவளைக் கொடியை எறிந்துவிடாதீர்கள். புதிதாக மண் நிரப்பிய தொட்டியைக் கண்டால் தெருப் பூனைக்குக் கழிப்பறை கிடைத்த சந்தோஷம் வந்துவிடும், விதைத்த மல்லியெல்லாம் கிளறிப் போய்விடும். அறுத்த முட்கொடியைத் துண்டுகளாக்கி மண்மேல் பரப்பிவைத்தால் பூனை ஒருமுறை கால் வைத்துப் பார்க்கும், மறுமுறை வராது. எங்கள் மாடிக்கு வந்துகொண்டிருந்த பழுப்புப் பூனை இப்போது கீழே, சங்கம் நடைபாதையோரம் அழகுக்காக வைத்திருக்கும் குரோட்டன்ஸ் தொட்டிகளுக்கு இடம் மாறிவிட்டது. அதற்கான அறிவிப்பு இன்னும் ஒட்டப்படவில்லை.